ஸ்பீடு இருக்கிறது, பிக்கப் இல்லை

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த அன்று மாலை, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, அறிவியல் தாளின் ஒரு பக்கத்தை மட்டும் மடித்து என் முன்னால் நீட்டினாள். "மாறாத வேகத்தில் செல்லும் ஒரு பொருளுக்கு முடுக்கம் இருக்க முடியுமா?" என்பது கேள்வி. "முடியாது, வேகம் மாறினால்தான் முடுக்கம்" என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஏன் தவறு என்று ஒரு சொல்கூட இல்லை.

"புக்குல இருக்கறததான் மாமா எழுதியிருக்கேன். இதுல இன்னா தப்பு?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம் என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது. 'திசை' என்ற இரண்டெழுத்தைப் படிக்கும்போதே அவள் விழுங்கிவிட்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். அந்த இரண்டெழுத்தைக் கல்லூரியில் மூன்று வருடம் எழுதி மதிப்பெண் வாங்கியும், அதன் பொருள் எனக்கு உறைத்தது இடது முழங்கால் தோல் உரிந்த பிறகுதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொற்களைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பேச்சில் நமக்கு எல்லாமே வேகம்தான். பஸ் வேகமாகப் போகிறது, வேகமாகக் கிளம்பியது, வேகமாகத் திரும்பியது, வேகமாக வந்து நின்றது என்று நான்கு விதமாகச் சொல்கிறோம். நான்கிலும் ஒரே சொல்தான் வருகிறது, ஆனால் முதல் வாக்கியம் மட்டுமே இயற்பியலில் வேகம் எனப்படுவதைச் சொல்கிறது. மற்ற மூன்றும் முடுக்கத்தைப் பற்றியவை. கேட்கிறவருக்கு இதனால் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் கூட வரும் வினைச்சொல் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வகுப்பறையில் அந்த வினைச்சொல்லை உருவிவிட்டு வெறும் பெயர்ச்சொற்களை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். வேறுபடுத்துக என்று ஒரு கோடு போட்ட கட்டம், இடது பக்கம் மூன்று வரி, வலது பக்கம் மூன்று வரி. அந்தக் கட்டத்தை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய பலரை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

இத்தனைக்கும் நம் பாடநூல் கலைச்சொற்கள் நல்லவை. ஸ்பீடு, வெலாசிட்டி என்று படிக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு சொற்களுமே எதையும் காட்டிக்கொடுப்பதில்லை; எது எதுவென்று நினைவில் வைத்துக்கொள்வதுதான் வழி. திசைவேகம் என்ற சொல்லோ தன் விளக்கத்தைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு வருகிறது. முடுக்கம்தான் கொஞ்சம் வம்பு செய்கிறது. முடுக்குவது என்றால் விரட்டுவது, தூண்டிவிடுவது; மாட்டை முடுக்குகிறோம், வேலை செய்யாமல் நிற்கும் ஆளை முடுக்கிவிடுகிறோம். ஆகவே முடுக்கம் என்று கேட்டவுடன் வேகம் கூடுவது மட்டுமே மனத்தில் எழுகிறது. குறைவதும் திரும்புவதும் முடுக்கம்தான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளிருந்து கிடைப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் குறுகலான சந்துக்கு முடுக்கு என்று பெயர் என எங்கள் யார்டில் ஒரு நெல்லைக்காரர் சொன்னார். திருப்பத்தையும் முடுக்கத்தையும் அந்த ஊர்க்காரர்களாவது எளிதாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் தெருவே ஒரு பிரிவினையைச் செய்து வைத்திருக்கிறது. என் வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் அண்ணன், "ஸ்பீடு இருக்கு சார், பிக்கப் இல்ல" என்றார். எழுபதைத் தொடுகிறது, ஆனால் தொடுவதற்கு ஒரு யுகம் ஆகிறது என்பது அதன் பொருள். வேகமும் முடுக்கமும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று முள் எங்கே நிற்கிறது என்பது. மற்றது முள் எவ்வளவு சீக்கிரம் அங்கே ஏறுகிறது என்பது. தெருவில் பெயர் கிடைக்காமல் போனது திசைவேகத்துக்குத்தான்.

அதை அவளுக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது ரயில்வே கேட். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் நேர் எதிரே ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். இடையே 100 மீட்டர்தான். கேட் மூடியிருக்கிறது, கூட்ஸ் வண்டி அசைவதாக இல்லை, நாம் விதியை மதித்துச் சுற்றிக்கொண்டு 1,200 மீட்டர் நடந்து 20 நிமிடத்தில் கடைக்குப் போய்ச் சேருகிறோம். நடந்த தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வினாடிக்கு 1 மீட்டர். கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்க்கோட்டை, அதாவது இடப்பெயர்ச்சியை, அதே நேரத்தால் வகுத்தால் சராசரித் திசைவேகம் கிடைக்கிறது: கடை இருக்கும் திசையில் வினாடிக்கு சுமார் 8 சென்டிமீட்டர். பொருளை வாங்கிக்கொண்டு அதே வழியாக வீட்டுக்குத் திரும்பிவிட்டால் போய்வந்த பயணம் முழுமைக்கும் சராசரித் திசைவேகம் பூஜ்ஜியம், கால் வலி மட்டும் மிச்சம். யார்டில் லாரிகளுக்கு டீசல் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் கணக்கைத் தொலைவில்தான் போடுகிறோம். இடப்பெயர்ச்சியில் போட்டால் மாலையில் யார்டுக்குத் திரும்பி வந்த எந்த லாரிக்கும் டீசலே செலவாகியிருக்காது.

இப்போது முழங்கால் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, காசிமேட்டுப் பக்கம் ஒரு திருப்பத்தில் இரு சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தேன். முள் 30-இல் நின்றது. முன்னால் போன மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிச் சாலை நனைந்திருந்தது. பாதி திரும்பியபோது பயம் வந்து பிரேக்கைப் பிடித்தேன். அடுத்த வினாடி வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கிடந்தோம். அதற்கு முந்தைய கணம்வரை என் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் வடக்கு நோக்கி மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது மேற்கு நோக்கி மணிக்கு 30 கிலோமீட்டராக மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றம் தானாக நடப்பதில்லை. வண்டியை வளைவின் உள்பக்கமாக ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு மட்டுமே.

இதற்குக் கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் உள்நோக்கிய முடுக்கம் கிடைக்கிறது. பாடநூலில் இதற்கு மையநோக்கு முடுக்கம் என்று பெயர். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 8.3 மீட்டர், வளைவின் ஆரம் 15 மீட்டர் என்றால் முடுக்கம் சுமார் 4.6, அதாவது ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 4.6 மீட்டர் அளவுக்குத் திசைவேகம் மாற வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் 7 வரைக்கும் தாங்கக்கூடும். தண்ணீரும் மீன் கொழுப்பும் சேர்ந்த இடத்தில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். போதாததற்கு நான் பிரேக்கையும் பிடித்தேன். உராய்வு என்பது ஒரே பை. திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். திரும்புவதற்கே பை காலியாகிக்கொண்டிருந்தபோது நிற்பதற்கும் கையை விட்டேன். அதே வளைவில் 20-இல் வந்திருந்தால் தேவை 2 மட்டுமே, ஏனென்றால் வர்க்கம் அப்படித்தான் வேலை செய்யும்.

வண்டியின் வளைந்த ஃபுட்ரெஸ்டை நிமிர்த்திக்கொண்டே மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "வளையும்போது பிரேக்கத் தொடாதீங்க சார். வளையறதுக்கு முன்னாடியே புடிச்சு முடிச்சிடணும்." மூன்று வருடம் படித்ததை அவர் இரண்டு வரியில் சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வண்டியில் ஆக்சிலரேட்டர் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். இயற்பியலின் கணக்கில் மூன்று: வலது கையில் முறுக்குவது, பிரேக், ஹேண்டில்பார்.

இதைச் சொன்ன பிறகும் அக்கா மகள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "வேகம் அதேதான இருக்கு, அப்புறம் எது மாறுச்சு?" என்ற இடத்திலேயே நின்றாள். நான் கேரம் போர்டை இறக்கினேன்.

வடசென்னையில் கேரம் தெரியாத வீடு குறைவு. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். எங்கள் வீட்டுப் பலகை அந்தத் தரமில்லை, ஒரு மூலை கொஞ்சம் உப்பியிருக்கும், ஆனால் போரிக் பவுடர் தூவினால் பாடத்துக்குப் போதும். காய்கள் எதுவும் இல்லாத பலகையில் ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தை நோக்கி நேராக அடிக்கச் சொன்னேன். அது போய் மோதித் திரும்பி அவள் கைக்கே வந்தது. வினாடிக்கு 4 மீட்டரில் போய் 3 மீட்டரில் திரும்பியது என்று வைத்துக்கொள், எவ்வளவு மாறியது என்று கேட்டேன். 1 என்றாள். வேகத்தில் 1 தான். ஆனால் அந்தப் பக்கமாக 4 இருந்தது முதலில் பூஜ்ஜியமாக வேண்டும், பிறகு இந்தப் பக்கமாக 3 ஆக வேண்டும். ஆகவே திசைவேகத்தின் மாற்றம் 7. ஸ்ட்ரைக்கர் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்று கொண்டால் முடுக்கம் 7,000 ஆகிறது. பூமி ஒரு கல்லை இழுக்கும் முடுக்கத்தைப்போல எழுநூறு மடங்கு. 'டக்' என்று கேட்கும் ஓசை அதுதான்.

அடுத்துச் சாய்வாக அடிக்கச் சொன்னேன். சட்டத்தில் பட்டு மறுபுறம் சாய்ந்து வந்த ஸ்ட்ரைக்கரின் பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். சட்டத்தோடு ஒட்டியபடி பக்கவாட்டில் போகும் பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சட்டத்தை நோக்கிப் போன பகுதி மட்டும் தலைகீழாகிவிடுகிறது. வழுவழுப்பான சட்டம் தனக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ளும், பக்கவாட்டில் இழுக்க அதற்குப் பிடி கிடையாது. ரீபவுண்டில் காயைப் பாக்கெட் செய்கிற எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது கையில் இருக்கிறது. கை அறிந்ததற்குத் தாளில் பெயர் வைப்பதுதான் பாக்கி.

"அப்ப ஸ்பீடு கொஞ்சங்கூடக் குறையாம திரும்பினா?" என்று அவளே கேட்டாள். அப்போது மாற்றம் 8. வேகம் மாறவே இல்லை. முடுக்கமோ முன்னைவிடக் கூடுதல். சிவப்புப் பெருக்கல் குறியின் காரணத்தை அவள் அந்த இடத்தில் தானாகவே கண்டுகொண்டாள்.

திசையை மாற்றுவது எவ்வளவு செலவு பிடிக்கிற காரியம் என்பதற்கு எங்கள் மொட்டை மாடியிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். ராக்கெட் ஏவும் நாளில் வானம் தெளிவாக இருந்தால் வடக்கில் ஒரு நெருப்புக் கோடு ஏறுவதை மாடியில் நின்று பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏவுதளம் அமைந்ததற்கு ஒரு காரணம் திசைவேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், நம் அகலக்கோட்டில் நிற்கிற எவரும் ஏற்கெனவே கிழக்கு நோக்கி வினாடிக்கு சுமார் 450 மீட்டரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிழக்கே கிளம்பும் ராக்கெட்டுக்கு அந்த 450 இலவசமாகக் கிடைக்கிறது. அதே வேகத்தில் மேற்கே கிளம்ப வேண்டுமானால் முதலில் அந்தக் கடனைத் தீர்த்தாக வேண்டும். துருவங்களின் மேலாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்களின் பாடு இன்னும் சிக்கல். நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது. ஆகவே பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு தெற்கே வளைகிறது. அந்த வளைவுக்காக எரியும் எரிபொருளின் அளவுக்குச் சுமக்கும் எடையில் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளத்துக்கு இதுவே முக்கியக் காரணம்: அங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம், வளைய வேண்டாம்.

அந்த 450 மீட்டரை மறுபடி யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிக்கிற நமக்கு அது ஏன் தெரியவில்லை? வேகத்தை உணர உடம்பில் உறுப்பே கிடையாது என்பதுதான் பதில். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும், தசையும், வயிறும் முடுக்கத்தை மட்டுமே அறியும். பூமியின் சுழற்சியால் நமக்கு ஏற்படும் முடுக்கம் 0.03 அளவில்தான், அதுவும் நாள் முழுக்கச் சீராக. அதை உடம்பு கண்டுகொள்வதில்லை. மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்கிற ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முதுகெலும்பு வரை தெரிகிறது. நியூட்டன் 1687-இல் விசையை முடுக்கத்தோடு கட்டிப்போட்டார், வேகத்தோடு அல்ல. போய்க்கொண்டிருப்பதற்கு விசை வேண்டாம், மாறுவதற்கே விசை வேண்டும் என்று அவர் எழுதியதை நம் உடம்பு எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறது.

பிக்கப் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது எங்கள் பெரம்பூர் சம்பந்தப்பட்டது. 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில்தான் வந்தே பாரத் ரயில் உருவானது. அது மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓடும் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதன் இரண்டாம் வடிவம் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை 52 வினாடியில் எட்டுகிறது என்பது. கணக்குப் போட்டால் சராசரி முடுக்கம் 0.53. முன்னால் ஒரே ஒரு எஞ்சின் முழு வண்டியையும் இழுக்காமல், ஒன்றுவிட்டு ஒரு பெட்டியின் அடியில் மோட்டார் இருப்பதால் இது முடிகிறது. நம் மின்சார ரயிலிலும் மோட்டார்கள் இப்படித்தான் பெட்டிகளுக்கு அடியில் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே 2 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒரு ரயில் 0.5 முடுக்கத்தில் கிளம்பி, மணிக்கு 72 கிலோமீட்டரைத் தொட்டு, அதே அளவில் குறைத்து நிற்கிறது. கிளம்ப 40 வினாடி, நிற்க 40 வினாடி, நடுவே சீராக 60 வினாடி, மொத்தம் 140. இப்போது உச்ச வேகத்தை இரட்டிப்பாக்கி 144 வரை போகலாம் என்று அனுமதி கொடுத்துப் பாருங்கள். பாதி வழி வரை ஏறிக்கொண்டே போனாலும் ரயில் 114-ஐத்தான் தொட முடியும். அதற்குள் பிரேக் பிடிக்க வேண்டிய நேரம் வந்துவிடும். மொத்தம் சுமார் 126 வினாடி, மிச்சம் 14. அதற்கு மாறாக உச்ச வேகத்தைப் பழைய 72-லேயே விட்டுவிட்டு முடுக்கத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் 120 வினாடி, மிச்சம் 20. ஊர் ரயிலுக்கு ஸ்பீடைவிடப் பிக்கப் பெரிது என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை நானே நம்பியிருக்க மாட்டேன். அக்கா மகள் பேனாவை வாங்கி இரண்டு முறை சரிபார்த்தாள்.

முடுக்கத்தின் அலகு ஒன்றுதான் அவளுக்குக் கடைசிவரை உறுத்திக்கொண்டிருந்தது. மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் என்கிறார்களே, வினாடிக்கு எப்படி வர்க்கம் இருக்கும் என்றாள். வர்க்க வினாடி என்று ஒன்று கிடையாதுதான். 'வினாடிக்கு வினாடி' என்று தமிழில் ஒரு தொடர் இருக்கிறது. காய்ச்சல் வினாடிக்கு வினாடி ஏறுகிறது என்போம். மாடியிலிருந்து விடப்பட்ட தேங்காயின் திசைவேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. ஒரு 'வினாடிக்கு' வேகத்துடையது, இன்னொன்று மாற்றத்துடையது. கலிலியோ 1638-இல் அச்சான தம் நூலில் இதைச் சாய்பலகையில் உருளும் குண்டை வைத்துக் காட்டினார். கைக்கடிகாரம் இல்லாத காலம். பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். அடுத்தடுத்த சம நேரங்களில் குண்டு கடக்கும் தொலைவு 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாக வந்தது.

அதோடு ஒரு பந்தை மேலே வீசி, உச்சியில் அது நிற்கும் கணத்தில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டேன். பூஜ்ஜியம் என்றாள்; நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் சொல்வார்கள். திசைவேகம்தான் பூஜ்ஜியம். முடுக்கமும் பூஜ்ஜியமாகியிருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் கீழ்நோக்கி 9.8 தான். ஏறும்போது அது வேகத்தைத் தின்கிறது, இறங்கும்போது ஊட்டுகிறது. முடுக்கத்துக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் வேகம் குறைகிறது என்று பிள்ளைகள் பாடம் செய்துவைத்திருப்பது இங்கே உடைந்துபோகிறது. மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டால், கீழே விழுந்து வேகம் கூடிக்கொண்டிருக்கும் பந்தின் முடுக்கமும் கழித்தல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகைமானியின் நடுவில் இருக்கும் ஓட்டையில் நூலைக் கட்டி, நுனியில் மெக்கானிக் கடையில் வாங்கிய ஒரு நட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு இருவரும் மெட்ரோ ஏறினோம். பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்தால் நூல் 90-இல் நிற்கும். அதிலிருந்து அது சாயும் ஒவ்வொரு டிகிரிக்கும் முடுக்கம் ஏறத்தாழ 0.17. மெட்ரோ இருக்கைகள் பக்கவாட்டில் இருப்பதால் நமக்கு நேர் எதிரே பிடித்துக்கொண்டாலே போதும். நூல் இடமும் வலமுமாக ஆடும். தண்டையார்பேட்டை நிலையம் பூமிக்கு அடியில், அடுத்த புதுவண்ணாரப்பேட்டை மேம்பாலத்தின்மேல். இடையில் வண்டி சரிவில் ஏறுகிறது. அங்கே எடுத்த அளவுகளை நான் அடித்துவிடச் சொன்னேன், ஏனென்றால் சரிவால் சாய்கிறதா முடுக்கத்தால் சாய்கிறதா என்று நூலுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைப் பிடித்துக்கொண்டுதான் ஐன்ஸ்டைன் 1907-இல் யோசிக்கத் தொடங்கினார். அது வேறு கட்டுரைக்கு.

புதுவண்ணாரப்பேட்டைக்குப் பிறகு சமதளம். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி கிளம்பியவுடன் நூல் பின்பக்கம் நான்கைந்து டிகிரி சாய்ந்து அப்படியே நின்றது, அதாவது 0.7-இலிருந்து 0.85 வரை. காலடிப்பேட்டை தாண்டி வேகம் சீரானதும் மெல்ல நிமிர்ந்தது. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், கையில் கரண்டியும் மட்டப்பலகையும் உள்ள பையோடு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, தூக்குகுண்டா? ஓடற வண்டில தூக்குகுண்டு எங்க நிக்கும்?"

"இப்ப நிக்குது பாருங்க தாத்தா."

அவர் முன்னால் குனிந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூர்க் கூரைகள் ஓடிக்கொண்டிருந்தன. நட்டு, கட்டிக்கொண்டிருக்கும் சுவரின் பக்கத்தில் தொங்குவது போல அசையாமல் நின்றது. "நிக்குதே" என்றார் அவர், கொஞ்சம் சந்தேகத்தோடு.

பிறகு பிரேக் விழுந்தது. நூல் முன்பக்கம் சாய்ந்தது, நின்றுகொண்டிருந்தவர்களும் கூடவே சாய்ந்தார்கள். விம்கோ நகரில் சக்கரம் கடைசியாக அசைந்து நின்ற அந்தக் கணத்தில் எல்லோரும் ஒரு வெட்டு வெட்டிப் பின்னால் போனார்கள். நட்டும் 90-ஐத் தாண்டிப் பின்பக்கம் போய் ஆடத் தொடங்கியது. நின்ற பிறகு எதற்குப் பின்னால் போக வேண்டும் என்று அவள் கேட்டாள். முன்னால் தள்ளப்படுவதை எதிர்த்து உடம்பு தன்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி நின்றதும் முடுக்கம் சட்டென்று அறுந்துவிடுகிறது, பிடித்த பிடி மட்டும் அரை வினாடி மிச்சமிருக்கிறது. கைதேர்ந்த டிரைவர் நிற்பதற்குச் சற்று முன்பே பிரேக்கைத் தளர்த்திவிடுவார், அப்போது இந்த வெட்டு தெரியாது.

"அப்ப முடுக்கம் மாறுறதுக்கும் ஒரு பேர் இருக்கணுமே மாமா?"

இருக்கிறது. அவள் பாடப் புத்தகத்தில் அதைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. கதவு திறந்தது, எங்களுக்கு முன்னால் இறங்கிய அம்மா, பையை இறுக்கிக்கொண்டு, "இன்னா ஜெர்க் குடுக்கறான்யா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அதான்" என்றேன்.